மெம்பிசிடம் தோற்ற இரவு

2025 ஏப்ரல் 18, வெள்ளிக்கிழமை இரவு. எங்கள் கூடைப்பந்து அணியான டல்லாஸ் மேவரிக்ஸ் மெம்பிஸ் நகரில் ஆடிக்கொண்டிருந்தது. ஜெயித்தால் ப்ளேஆஃப் என்ற கோப்பைச் சுற்று, தோற்றால் அந்த வருடக் கதை முடிந்தது. எங்கள் வீட்டு ஹாலில் நானும், பதினோரு வயது மகனும், பக்கத்துத் தெரு நண்பர் ஒருவரும் உட்கார்ந்திருந்தோம். ஆந்தனி டேவிஸ் 40 புள்ளிகள் எடுத்தார். போதவில்லை. கடைசி குவார்ட்டர் பாதியிலேயே இனி எட்டாது என்று தெரிந்துவிட்டது. மகன் சோபாவின் கைப்பிடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

நண்பர் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டே, "விடுங்க, எல்லாம் நல்லதுக்குத்தான். உள்ளே போயிருந்தா ஓக்லஹோமாகிட்ட நாலு அடி வாங்கிட்டு வந்திருப்போம். இப்ப லாட்டரியிலயாவது நம்ம பேர் இருக்கும்" என்றார்.

மகன் தலையைத் தூக்கினான். "அப்போ இவ்வளவு நேரம் நாம தோக்கணும்னுதான் பாத்துட்டு இருந்தீங்களா, அங்கிள்?"

"அப்படி இல்லப்பா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. அவர் முடிக்காமல் விட்ட அந்த வாக்கியத்தை எனக்குள் நான் பல மாதங்களாக முடிக்கப் பார்க்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவைப் பார்க்காதவர்களுக்காக, 2025இல் இருந்த விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 30 அணிகள், ஆளுக்கு 82 ஆட்டங்கள். கிழக்கில் 15, மேற்கில் 15. ஒவ்வொரு பக்கத்திலும் முதல் ஆறு இடங்களைப் பிடிப்பவர்கள் நேராக ப்ளேஆஃப் போவார்கள். ஏழு முதல் பத்து வரை வருபவர்கள் தங்களுக்குள் மோதி மிச்சமிருக்கும் இரண்டு இடங்களை எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் ப்ளே-இன். ப்ளேஆஃப்பில் ஒரே எதிரணியோடு திரும்பத் திரும்ப மோதி, முதலில் நான்கு ஆட்டம் ஜெயிப்பவர் அடுத்த சுற்றுக்குப் போவார். இதில் எதிலும் நுழைய முடியாத 14 அணிகளுக்கு ஆறுதலாக ஒன்று உண்டு. அடுத்த ஜூனில் நடக்கும் டிராஃப்டில், புதிதாக வரும் இளம் வீரர்களில் யாரை யார் முதலில் எடுப்பது என்பதை இவர்களுக்கிடையே நடக்கும் குலுக்கல், அதாவது லாட்டரி, தீர்மானிக்கும். ஒரு இயந்திரத்தில் 14 பந்துகள் போட்டு நான்கை எடுப்பார்கள். அதில் 1001 எண்சேர்க்கைகள் வர முடியும். ஒன்றை ஒதுக்கிவிட்டு 1000 சேர்க்கைகளை அணிகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். மிக மோசமாக ஆடிய மூன்று அணிகளுக்குத் தலா 140. பதினான்கில் ஓரளவு நன்றாக ஆடிய கடைசி அணிக்கு 5.

ஆக, தோற்கத் தோற்க வாய்ப்பு கூடும். அங்கேதான் ரசிகனின் மனது இரண்டாகப் பிரிகிறது.

அந்த வருடம் டல்லாஸ் ரசிகர்களாகிய நாங்கள் பட்டது கொஞ்சமல்ல. பிப்ரவரி 1 சனிக்கிழமை நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் எங்கள் நட்சத்திரம் லூக்கா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. முந்தைய வருடம்தான் எங்களை இறுதிப் போட்டிவரை கொண்டுபோனவர். வயது 25. செய்தி போட்டவரின் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தோம். பதிலுக்கு வந்த டேவிஸ் முதல் ஆட்டத்திலேயே அடிபட்டு உட்கார்ந்தார். மார்ச் 3 அன்று எங்கள் இன்னொரு முக்கிய வீரர் கைரி அர்விங்கின் முழங்கால் போனது. சில இரவுகளில் எட்டு, ஒன்பது பேரைத் திரட்டி ஆட்டத்துக்கு அனுப்புவதே பெரும்பாடாக இருந்தது.

அந்த மார்ச்சில் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. ஒவ்வொரு தோல்விக்கும் பிறகு போனை எடுத்து லாட்டரி வாய்ப்பு எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்று பார்ப்பேன். மகனுக்குத் தெரியாமல் பார்ப்பேன். ஒருநாள் இரவு, நிரந்தர ஒப்பந்தம்கூட இல்லாத ஒரு பையன் கடைசி நிமிடங்களில் தொடர்ந்து இரண்டு முறை பந்தைக் கூடைக்குள் போட்டான். மகன் எழுந்து குதித்தான். எனக்குள் எதுவும் அசையவில்லை. "அடடா, ஜெயித்துவிடுவார்கள் போலிருக்கிறதே" என்று ஒரு எண்ணம் மட்டும் வந்து போனது. அதை உணர்ந்த நொடியில் உண்மையிலேயே பயந்துபோனேன். அந்தப் பையனுக்கு அது சாதாரண ஆட்டம் இல்லை. அடுத்த வருடம் அவனுக்கு வேலை இருக்குமா இல்லையா என்பது அந்த இரண்டு கூடைகளில் இருந்தது. அவன் தவறவிட வேண்டும் என்று நான் வீட்டில் உட்கார்ந்து விரும்பிக்கொண்டிருந்தேன்.

எல்லாக் குறையோடும் அணி 39 வெற்றி, 43 தோல்வி என்று முடித்து, மேற்கில் பத்தாவதாக ப்ளே-இன்னுக்குள் வந்தது. சாக்ரமென்டோவை அவர்கள் ஊரிலேயே வென்றது. பிறகு மெம்பிசிடம் தோற்றது.

அடுத்து நடந்ததைச் சொன்னால், நண்பர் சொன்னதுதான் சரி என்று படும். மெம்பிஸ் ப்ளேஆஃப் போனது. முதல் ஆட்டத்திலேயே ஓக்லஹோமாவிடம் 131க்கு 80 என்று, 51 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. நான்கு ஆட்டம், நான்கு தோல்வி, வீட்டுக்கு வந்துவிட்டது. மே 12 அன்று சிகாகோவில் லாட்டரி. டல்லாஸும் சிகாகோ புல்ஸும் ஒரே மாதிரி 39-43 என்று முடித்திருந்ததால், யாருக்கு 18 சேர்க்கை, யாருக்கு 17 என்பதையே தனியாக ஒரு குலுக்கல் வைத்துத்தான் முடிவு செய்தார்கள். எங்களுக்கு 18 கிடைத்தது. அதாவது 1.8 சதவீதம். பதினான்கில் தொடங்கி ஒவ்வோர் அட்டையாகத் திறந்துகொண்டே வந்தார்கள். எங்கள் முறை வந்தபோது வேறு அணியின் பெயர் வந்தது. குலுக்கலில் எடுப்பது முதல் நான்கு இடங்களை மட்டும்தான், மற்றவை தோல்வி வரிசைப்படி. அப்படியென்றால் நாங்கள் முதல் நான்குக்குள் போய்விட்டோம் என்று அர்த்தம். மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கடைசியில் முதல் இடமே எங்களுக்கு. மெய்ன் மாநிலத்துப் பையன், 18 வயது, டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரே வருடம் ஆடியவன், கூப்பர் ஃப்ளாக். ஜூனில் அவனை எடுத்தோம்.

அன்றிரவு நான் அழுதேன். அதில் வெட்கமில்லை. ஐந்து நிமிடத்தில் நண்பரிடமிருந்து செய்தி வந்தது: "நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

சொன்னார்தான். ஆனாலும் அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. மெம்பிசிடம் நாங்கள் ஜெயித்திருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

முதலில் இந்தக் கேள்வி யாருக்கானது என்று பார்க்க வேண்டும். அதே வருடம் யூட்டா ஜாஸ் 17 ஆட்டம் ஜெயித்து 65 தோற்றது. அந்த ரசிகரிடம் போய் ப்ளேஆஃப் வேண்டுமா டிராஃப்ட் வேண்டுமா என்று கேட்பதில் பொருளில்லை. அவருக்கு ப்ளேஆஃப் என்ற ஒன்று கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. அவர் லாட்டரியை எதிர்பார்க்கட்டும், அது நியாயம். இரண்டுமே கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது, இரு பக்கத்திலும் எட்டு முதல் பதினொன்று வரை நிற்கிற சில அணிகளுக்குத்தான். அந்த அணிகளுக்கு லாட்டரியில் கிடைப்பது என்ன? பதினான்கில் பத்தாவதாக நிற்பவருக்கு முதல் இடம் கிடைக்க 3 சதவீதம், பதினொன்றாவதுக்கு 2, பன்னிரண்டாவதுக்கு ஒன்றரை, அடுத்தது 1, கடைசி அரை. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்று எங்கள் பாட்டி சொல்வார். அரசன் வர 1.8 சதவீத வாய்ப்பு. எங்களுக்கு அவன் வந்துவிட்டான் என்பதால், கைவிட்டது சரியென்று ஆகிவிடாது. தவிரவும், நாங்கள் யாரையும் கைவிடவில்லை. டேவிஸ் அந்த இரவு 40 புள்ளி எடுத்தது தோற்பதற்காக அல்ல.

இன்னொரு வருடக் கதை சொல்கிறேன். 1993. டல்லாஸ் ரசிகர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

அந்த சீசன் முடிந்தபோது கிழக்கில் இண்டியானாவும் ஆர்லாண்டோவும் ஒரே நிலை: 41 வெற்றி, 41 தோல்வி. சமநிலையை உடைக்கும் விதிப்படி எட்டாவது இடம் இண்டியானாவுக்குப் போனது. அவர்கள் ப்ளேஆஃப் போய் நியூயார்க்கிடம் 3-1 என்று தோற்றார்கள் (அப்போது முதல் சுற்றில் மூன்று வெற்றி போதும்). வெளியே நின்ற ஆர்லாண்டோவுக்கு லாட்டரியில் இருந்த 66 பந்துகளில் ஒரே ஒரு பந்து. அந்த ஒரு பந்துதான் வந்தது! கிறிஸ் வெப்பரை எடுத்து, அவரைக் கோல்டன் ஸ்டேட்டுக்குக் கொடுத்து, பென்னி ஹார்டவேயையும் எதிர்கால டிராஃப்ட்களின் முதல் சுற்றுத் தேர்வுகள் மூன்றையும் வாங்கினார்கள். முந்தைய வருடம் வந்திருந்த ஷாக்கீல் ஓனீலோடு ஹார்டவே சேர்ந்தார். இரண்டே வருடத்தில், 1995இல், ஆர்லாண்டோ கிழக்கின் இறுதியில் நின்றது. எதிரே யார்? அதே இண்டியானா. ஏழாவது ஆட்டம் வரை போய் ஆர்லாண்டோ ஜெயித்தது.

இதுவரை படித்தால் லாட்டரிதான் உசத்தி என்று தோன்றும். ஆனால் இண்டியானாவைப் பாருங்கள். அந்த ஒற்றைப் பந்து கிடைக்காமலேயே 1994, 1995 என்று இரண்டு வருடமும் கிழக்கின் இறுதிக்கு வந்துவிட்டார்கள். முதல் இடத் தேர்வுக்கும் எட்டாவது இடத்துக்கும் இடையே இருந்தது கடைசியில் ஒரே ஒரு ஏழாவது ஆட்டம். சரி, ஆர்லாண்டோ அப்புறம் என்ன ஆனது? ஹூஸ்டனிடம் நான்குக்குப் பூஜ்யம். அந்த ஹூஸ்டன் அந்த வருடம் மேற்கில் ஆறாவதாக உள்ளே வந்த அணி. அவ்வளவு கீழே இருந்து வந்து கோப்பை வென்ற அணி இன்றுவரை வேறு கிடையாது.

1993இல் டல்லாஸ் எங்கே இருந்தது? அடிமட்டத்தில். 11 வெற்றி, 71 தோல்வி. 66 பந்துகளில் 11 எங்களுடையவை. கிடைத்தது நான்காவது இடம். இந்த ஆர்லாண்டோ கூத்துக்குப் பிறகு, மோசமான அணிக்கு 25 சதவீதம் கிடைக்கும்படி விதியை மாற்றினார்கள். அடுத்த வருடமும் டல்லாஸ் கடைசி, 13-69. அப்போதும் முதல் இடம் வரவில்லை, இரண்டாவது வந்தது. அதில் எடுத்த ஜேசன் கிட், நான்காவது இடங்களில் எடுத்த ஜிம் ஜாக்சன், ஜமால் மாஷ்பர்ன் என்று மூன்று இளைஞர்கள். பழுக்கும் பழுக்கும் என்று இலவு காத்த கிளியாக நகரம் காத்திருந்தது. 1996 டிசம்பருக்கும் 1997 பிப்ரவரிக்கும் இடையில் மூவரையும் மூன்று திசைக்கு அனுப்பிவிட்டார்கள். 1990க்குப் பிறகு 2001 வரை டல்லாஸில் ப்ளேஆஃப் ஆட்டமே இல்லை. பத்து வயதில் ரசிகனான ஒரு பையன் இருபது வயதைத் தாண்டும்வரை ஒரு ஏப்ரல் இரவைக்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

கடைசியில் அணியைத் தூக்கி நிறுத்தியவர் 1998இல் ஒன்பதாவது இடத்தில் எடுக்கப்பட்டு, மில்வாக்கியிடமிருந்து மாற்றி வாங்கப்பட்ட டர்க் நோவிட்ஸ்கி. 2011இல் அவர் கோப்பை வாங்கிக் கொடுத்தபோது பக்கத்தில் நின்றவர், டல்லாஸுக்கே திரும்பி வந்திருந்த 38 வயது ஜேசன் கிட். அதே கிட்தான் ஃப்ளாக்கின் முதல் என்பிஏ கோச். இந்த விளையாட்டில் நான் மிகவும் நேசிக்கும் விஷயம் இதுமாதிரி சுற்றி வருவதுதான்.

என் பக்கத்துக்கு எதிரான சாட்சியையும் மறைக்கக் கூடாது. டல்லாஸ் வேண்டுமென்றே தோற்று லாபம் பார்த்ததுண்டு. 2018 பிப்ரவரியில், தோற்பதுதான் நமக்கு நல்லது என்று வீரர்களிடமே சொன்னதாக அன்றைய உரிமையாளர் மார்க் கியூபன் பொதுவெளியில் சொல்லி 6 லட்சம் டாலர் அபராதம் கட்டினார். 24 வெற்றியோடு முடித்து டிராஃப்டில் ஐந்தாவது இடம் வாங்கி, அதையும் அடுத்த வருடத் தேர்வையும் அட்லாண்டாவுக்குக் கொடுத்துத்தான் டான்சிச் வந்தார். பிறகு 2023 ஏப்ரல் 7. ப்ளே-இன் வாய்ப்பு இன்னும் உயிரோடு இருந்தது. முதல் பத்துக்குள் வந்தால் மட்டும் டிராஃப்ட் தேர்வு எங்களிடம் தங்கும், இல்லையென்றால் நியூயார்க்குக்குப் போய்விடும் என்ற பழைய ஒப்பந்தம். சிகாகோவுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் கைரி முதலான முக்கிய வீரர்களை உட்கார வைத்தார்கள். அன்று அரங்கில் ஸ்லோவேனியா சிறப்பு இரவு. டான்சிச்சின் நாட்டுக்காரர்கள் கொடியோடு வந்திருந்தார்கள். அவரை ஒரு குவார்ட்டர் போல ஆடவிட்டு எடுத்துவிட்டார்கள். அணி தோற்றது, ப்ளே-இன் வாய்ப்பு முடிந்தது. என்பிஏ 7,50,000 டாலர் அபராதம் போட்டது.

பலன் கிடைத்ததா? கிடைத்தது. பத்தாவது தேர்வு எங்களிடம் தங்கியது. அதை வைத்து டெரெக் லைவ்லி வந்தார், அடுத்த வருடமே அணி இறுதிப் போட்டிக்குப் போனது, அதில் அவர் பங்கு பெரிது. இதை மறுத்தால் நான் பொய் சொல்கிறேன் என்று ஆகும். ஆனால் கூடவே இதையும் பாருங்கள். அன்று எங்கள் தோல்வியால் மேற்கில் பத்தாவது இடத்தைப் பிடித்தது ஓக்லஹோமா. அவர்களிடம் எதிர்கால டிராஃப்ட் தேர்வுகள் மூட்டை மூட்டையாக இருந்தன, அவசரமே இல்லை. இருந்தும் ப்ளே-இன் போனார்கள், நியூ ஆர்லியன்ஸை அதன் ஊரில் வென்றார்கள், மின்னசோட்டாவிடம் தோற்றார்கள். அதன் பிறகு டிராஃப்டில் அவர்களுக்குக் கிடைத்தது பன்னிரண்டாவது இடம். டிராஃப்ட் அன்று எங்கள் பத்தையும் அவர்கள் பன்னிரண்டையும் மாற்றிக்கொண்டோம்! பன்னிரண்டில் எங்களுக்கு லைவ்லி, பத்தில் அவர்களுக்குக் கேசன் வாலஸ். ஆடாமல் ஒதுங்கியவர்களும் ஆடித் தோற்றவர்களும் ஒரே கடையில் நின்று பண்டமாற்று செய்தார்கள். அந்த இளம் அணிக்கு வாழ்வா சாவா என்ற இரண்டு ஆட்டங்களில் ஆடிய அனுபவம் மிச்சம். இரண்டு வருடம் கழித்து, 2025இல், கோப்பை அவர்களுடையது.

நிர்வாகம் கணக்குப் போடட்டும். அது அவர்கள் வேலை, அதற்குத்தான் சம்பளம். நான் ஏன் அந்தக் கணக்கைச் சுமக்க வேண்டும்? நான் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஒரு பந்தும் திசை மாறப் போவதில்லை. என் விருப்பத்தால் மாறுகிறவன் நான் மட்டும்தான். மார்ச் இரவில் அந்தப் பையன் கூடை போட்டபோது எனக்குள் எதுவும் அசையாமல் போனதே, அந்த மாற்றத்தைத்தான் சொல்கிறேன்.

எட்டாவது இடத்தால் என்ன பயன், முதல் சுற்றிலேயே வெளியேற்றம்தானே என்பவர்கள், டல்லாஸில் நீண்டகாலம் இருப்பவர்களிடம் 2007 என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். முகம் மாறிவிடும். அந்த வருடம் டல்லாஸ் 67 ஆட்டம் ஜெயித்த அணி. எதிரே எட்டாவதாக வந்த கோல்டன் ஸ்டேட், 42-40. 1994க்குப் பிறகு அவர்கள் பார்த்த முதல் ப்ளேஆஃப். டல்லாஸை நன்கறிந்த முன்னாள் கோச் டான் நெல்சன் இப்போது அவர்கள் பக்கம். ஆறே ஆட்டத்தில் எங்களை வெளியே தள்ளினார்கள். ஓக்லண்ட் அரங்கம் முழுக்க மஞ்சள் சட்டை. அடுத்த சுற்றில் அவர்கள் யூட்டாவிடம் தோற்றார்கள். அடுத்த வருடம் 48 ஆட்டம் ஜெயித்தும் ப்ளேஆஃப் கிடைக்கவில்லை. கணக்குப்பிள்ளையின் பார்வையில் அந்த எட்டாவது இடத்தால் ஒன்றும் விளையவில்லை. ஓக்லண்டில் அந்தச் சட்டையை மடித்து வைத்திருப்பவர்களிடம் போய் அதைச் சொல்லத்தான் முடியுமா?

டெட்ராய்ட்டையும் சொல்ல வேண்டும். 2023-24இல் தொடர்ந்து 28 தோல்வி, மொத்தம் 14-68, லாட்டரியில் கிடைத்ததோ ஐந்தாவது இடம். அடுத்த வருடமே 44 வெற்றியோடு ப்ளேஆஃப் போய், 2025 ஏப்ரல் 21 அன்று நியூயார்க்கில் ஓர் ஆட்டம் ஜெயித்தார்கள். 2008க்குப் பிறகு அவர்களின் முதல் ப்ளேஆஃப் வெற்றி. நடுவில் தொடர்ச்சியாக 15 தோல்விகள். கடைசியில் அந்தச் சுற்றைத் தோற்றார்கள்தான். ஆனால் அந்த ஒரு ஆட்டத்தை நான் இங்கிருந்து பார்த்தபோதே தொண்டை அடைத்தது.

ஃபிலடெல்ஃபியா வருடக்கணக்கில் திட்டமிட்டுத் தோற்றது. 10-72 வரை போனது. இரண்டு முறை முதல் இடம், இரண்டு முறை மூன்றாவது இடம். இன்றுவரை அந்தத் திட்டத்தின் பலனாக இரண்டாவது சுற்றைத் தாண்டியதில்லை. சாக்ரமென்டோ 16 வருடம் ப்ளேஆஃப் பார்க்காமல் வருடாவருடம் லாட்டரிக்குப் போனது. 2018இல் இரண்டாவது இடம் கையில் இருந்தும் டான்சிச்சை விட்டுவிட்டது. தேர்வு கிடைப்பது வேறு, தேர்ந்தெடுக்கத் தெரிவது வேறு.

அக்டோபரில் புது சீசன் தொடங்கியது. முதல் ஆட்டம் சான் அன்டோனியோவுடன், எங்கள் ஊரில். அந்தப் பக்கம் 2023 லாட்டரியில் வந்த வெம்பன்யாமா, இந்தப் பக்கம் ஃப்ளாக். 125க்கு 92 என்று தோற்றோம். நண்பர் எங்கள் வீட்டில்தான் இருந்தார். 2027 முதல் 2030 வரை எங்கள் முதல் சுற்றுத் தேர்வுகளைப் பற்றி மற்ற அணிகளோடு ஏதாவது ஒரு ஒப்பந்தம் இருக்கிறது, ஆகவே தோற்பதென்றால் இந்த ஒரு வருடம்தான் லாபம் என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தார். விவரம் சரிதான்.

மகன் நோட்டுப் புத்தகத்தில் ஃப்ளாக்கின் பெயரெழுதி, அவன் எடுக்கும் ஒவ்வொரு ரீபவுண்டுக்கும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) கீழே கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தான். வித்தியாசம் முப்பதை எட்டியிருந்தது. தூங்கப் போகச் சொன்னேன்.

"இருப்பா, இன்னும் ஒரு ரீபவுண்ட் எடுத்தா பத்து."

எடுத்தான். மகன் கடைசிக் கோட்டைக் குறுக்கே இழுத்தான். நண்பர் பேச்சை நிறுத்திவிட்டு நோட்டை எட்டிப் பார்த்தார்.